ஸ்பிட்ஃபயர் பின்பக்கம் "டொக்" சத்தம்: கிரௌனா, கிராஸா, வேற எங்கயாவதா?

வண்ணார்பேட்டை_மார்க்3

எல்லாருக்கும் வணக்கம். வண்டி டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, 1296 சிசி. கோயம்புத்தூர்ல ஒரு வீட்டுல ரொம்ப நாளா ஓடாம நின்னதை வாங்கினேன். என்ஜின், பிரேக், வயரிங் எல்லாம் முடிஞ்சு இப்பதான் ரோட்டுக்கு வந்திருக்கு. ஓட்ட அவ்வளவு சந்தோஷமா இருக்கு, பின்பக்கச் சத்தம் ஒண்ணைத் தவிர.

முதல் கியர் போட்டு கிளட்ச் விடும்போது அடியில "டொக்". நாப்பதுல போகும்போது ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா ஒரு தடவை, திரும்ப மிதிச்சா இன்னொரு தடவை. இது போக, இடது பின்சக்கரம் வேகத்தடையில ஏறி இறங்கும்போது "கடக்"னு இன்னொரு சத்தம். நல்ல ரோட்டுல ஒரே வேகத்துல போனா ஒண்ணும் இல்ல. ஸ்போக் வீல் கிடையாது, சாதா இரும்பு டிஸ்க் வீல்தான்.

இன்னொரு விஷயமும் சொல்லிடுதேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரபரணி தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்தப்ப வண்டி செட்டுல சக்கரத்தோட நடு ஹப் முங்குற அளவுக்கு நின்னுச்சு. அப்ப வண்டி பிரிச்சுக் கிடந்த நேரம்.

இங்க ஒரு பட்டறையில ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தை ஆட்டிப் பாத்துட்டு, "கிரௌன் போச்சு, வேற கிரௌன் தேடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. கிரௌனை (பின்சக்கரம் ரெண்டுக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்குற டிஃபரன்ஷியல் பெட்டி) இறக்குறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க கிட்ட கேட்டுக்கிடலாம்னு எழுதுதேன்.

தென்காசி_ஹெரால்டு

அண்ணாச்சி, நல்ல வண்டி. நம்ம பக்கம் இதுக்கு ஆள் இல்லன்னு நெனைக்காதிய. ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961ல இருந்து மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டு சேசிஸோட வழியில வந்ததுதான். ரெண்டுக்கும் உருவம் வரைஞ்சவர் மிக்கெலோட்டி. ஹெரால்டுக்கு ரெண்டு அச்சுக்கும் நடுவுல 91.5 அங்குலம், ஸ்பிட்ஃபயருக்கு 83. பின்பக்க அமைப்பு ஒரே குடும்பம்: சேசிஸோட கட்டுன கிரௌன், அது தலையில குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங், ரெண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போற, ஆடுற அரை சாஃப்ட். ஹெரால்டு பாத்த மேஸ்திரிங்க திருநெல்வேலி, தென்காசி, அம்பைன்னு இன்னமும் இருக்காவ. வண்டியை அவிய கையில காட்டுங்க.

எங்க வீட்டு ஹெரால்டுலயும் வேகத்தடையில இதே சத்தம் இருக்கு. அதனால இந்த இழையை நானும் உக்காந்து படிக்கப் போறேன்.

திசையன்விளை_செம்மண்

முதல்ல செலவில்லாத வேலை. டிக்கியைச் சுத்தமா காலி பண்ணுங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பானர் எதுவும் உள்ள இருக்கப்படாது. அப்புறம் சைலன்சர் குழாய் சேசிஸ்ல இடிச்ச தடம் இருக்கான்னு பாருங்க, இடிச்ச இடம் பளபளன்னு தேஞ்சிருக்கும். ரெண்டு ஷாக்கோட மேல் புஷ், கீழ் புஷ் ரப்பரையும் பாத்துக்கோங்க. எங்க பக்கம் தேரி மணல் ஏறியே ஷாக் புஷ் எல்லாம் சீக்கிரம் போயிடும்.

வண்ணார்பேட்டை_மார்க்3

டிக்கி காலி. சைலன்சர் எங்கயும் இடிக்கல. ஷாக் ரெண்டும் புதுசு, புஷ்ஷும் புதுசு. ரெண்டு சத்தமும் அப்படியே இருக்கு.

வள்ளியூர்_மெக்

ஆக்ஸிலரேட்டர்ல காலை எடுத்தாலும் வச்சாலும் சத்தம் வருதுன்னா டிஃபரன்ஷியல் உள்ளே தேய்மானம் இருக்கலாம். சன் கியர், பிளானட் கியருக்குப் பின்னாடி இருக்கிற திரஸ்ட் வாஷர் தேய்ந்தால், அல்லது குறுக்கு பின் தேய்ந்தால், சும்மா சுத்துற இடைவெளி கூடி, திசை மாறும்போது பல்லும் பல்லும் மோதும். ஒரு சக்கரத்தைத் தரையில் வைத்து, இன்னொன்றைத் தூக்கி, கியர் போட்டு, தூக்கின சக்கரம் எவ்வளவு தூரம் சும்மா சுத்துதுன்னு அளந்து பார்க்கலாமே?

அம்பை_பட்டறை

தம்பி வள்ளியூர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனா அங்க இருந்து ஆரம்பிக்கப்படாது. நான் ஹெரால்டு ஓடுன காலத்துலயே இந்தத் தொழிலுக்கு வந்தவன். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கோங்க.

அம்பாசடர்ல பின் ஹவுசிங் ஒரே கட்டை. தூக்குனாலும் இறக்குனாலும் ரெண்டு சக்கரமும் அதே கோணத்துல நிக்கும். இந்த வண்டி அப்படி இல்ல. சேசிஸ்ல ஜாக்கி போட்ட உடனே சக்கரம் ரெண்டும் அடியில மடங்கித் தொங்கும். அரை சாஃப்ட் கீழ சாயும், கிராஸ் (சாஃப்ட் மடங்கிச் சுத்துற மூட்டு) கடைசி கோணத்துக்குப் போயிடும். பட்டையோட இறுக்கம் எல்லா புஷ்ஷையும் ஒரு பக்கமா ஒதுக்கித் தள்ளிடும். அந்த நிலையில சக்கரத்தை ஆட்டுனா, தேஞ்ச இடத்துல ஆட்டம் தெரியாது, நல்லா இருக்கிற இடத்துல தெரியும். தூக்கி வச்சு ஆட்டிப் பாத்து "கிரௌன் போச்சு"ன்னு சொன்னதை நான் கணக்குலயே எடுக்க மாட்டேன். இந்த வண்டிக்குப் பின்பக்கம் பாக்கணும்னா வண்டி பாரம் டயர் மேல நிக்கணும், நீங்க பிட்டுக்குள்ள, அதாவது வண்டிக்கு அடியில நின்னு பாக்குற குழிக்குள்ள, இறங்கி நிக்கணும். சர்வீஸ் ஸ்டேஷன்ல கேட்டா பிட்டு குடுப்பாவ.

ரெண்டாவது, உங்களுக்கு ரெண்டு சத்தம் இருக்கு, ஒண்ணு இல்ல. கிளட்ச் விடும்போதும் கால் எடுக்கும்போதும் வாரது இழுவைச் சத்தம். வேகத்தடையில வாரது ரோட்டுச் சத்தம். ரெண்டையும் ஒரே நோய்னு நெனைச்சு மருந்து தேடுனா பாதி வண்டியை அவுத்துப் போட்டுட்டு உக்காந்திருப்போம். சந்தேகம்னா ஆள் நடமாட்டமில்லாத இடத்துல மெதுவா கியரை நியூட்ரல் பண்ணி, வேகத்தடையை உருட்டியே கடந்து பாருங்க. அப்பவும் "கடக்" வந்தா அதுக்கும் கிரௌன் பல்லுக்கும் சம்பந்தம் இல்ல.

இழுவைச் சத்தத்துக்கு பிட்டுல செய்ய வேண்டியது. முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டை வையுங்க. கை பிரேக்கை நல்லா இழுத்துக்கோங்க. வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு ஆள் நிக்கப்படாது. நிதானமான ஆள் ஒருத்தர் உள்ள உக்காந்து, முதல் கியர்ல கிளட்ச் பிடிக்கிற இடம் வரைக்கும் மட்டும் கொண்டுவந்து மிதிச்சிரணும். அப்புறம் ரிவர்ஸ்ல அதே மாதிரி. நீங்க பிட்டுல சுத்துற சாமானுக்குக் கையெட்டாத தூரத்துல நின்னு லைட் அடிச்சு கிரௌன் மூக்கை, அதாவது முன் முனையை, பாருங்க. முன்னாடி போற இழுவையில மூக்கு மேல ஏறப் பாக்கும், ரிவர்ஸ்ல கீழ அமுங்கப் பாக்கும். கிரௌனைச் சேசிஸ்ல பிடிக்கிற முன்பக்க ரப்பர் ரெண்டும் நல்லா இருந்தா லேசா அசையும், அவ்வளவுதான். ரப்பர் போயிருந்தா மூக்கு துள்ளிட்டு வந்து சேசிஸ்ல உக்காரும். அந்த "டொக்"கை நீங்க கண்ணாலயே பாக்கலாம்.

என்ஜினை நிப்பாட்டிட்டு, அரை சாஃப்ட்டோட உள்பக்கக் கிராஸ் ரெண்டையும், கியர்பாக்ஸ்ல இருந்து கிரௌனுக்கு வார ஜாயின்ட் சாஃப்ட்டோட கிராஸ் ரெண்டையும் கையால முறுக்கிப் பாருங்க. கிராஸ் கப்பைச் சுத்தி செவப்பா துருப்பொடி இருந்தா அது கிரீஸ் இல்லாம தேயுதுன்னு அர்த்தம். சாஃப்ட்டை இணைக்கிற ஃபிளாஞ்ச் தட்டு போல்ட் எல்லாத்துக்கும் ஸ்பானர் போடுங்க. இந்தப் போல்ட் ஒண்ணு லூசா இருந்தாலே கிரௌன் உடைஞ்ச சத்தம் குடுக்கும். கிரௌன் தலையில பட்டையைப் பிடிச்சிருக்கிற ஸ்டட்டும் பாக்கணும். சீட்டுக்குப் பின்னாடி கார்ப்பெட்டுக்கு அடியில ஒரு தகடு இருக்கும், அதைக் கழட்டுனா மேல இருந்தே கை போகும்.

சேசிஸ் நடு முதுகெலும்பா ஓடுறதால சத்தம் அதுக்குள்ளயே பயணம் போகும். கியர்பாக்ஸ் மவுண்டிங் போனாலும் பின்னாடி அடிக்கிற மாதிரிதான் காதுக்குக் கேக்கும். அதையும் விடாதிய.

கல்லிடை_இருசக்கரமும்_நான்கும்

அம்பை ஐயா சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒண்ணு, ஹப். வெளிப்பக்கம் ஹப் அரை சாஃப்ட்டோட சரிவான முனையில, ஒரு கீயோட உக்காருது. பெரிய நட்டு கொஞ்சம் இளகினாலும் கீ தன் பள்ளத்துல முன்னும் பின்னும் அடிக்கும். சத்தம் அச்சு அசலா கிரௌன் தேய்மானம் மாதிரியே இருக்கும். பெயின்ட்ல ஹப்புக்கும் சாஃப்ட் முனைக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுட்டு ஓட்டிப் பாருங்க. கோடு விலகினா அதுதான். ஹப்பைக் கழட்ட நேர்ந்தா அதுக்குன்னு உள்ள கனமான புல்லர் இல்லாம தொடாதீங்க. சுத்தியலால அடிச்சா ஃபிளாஞ்ச் வளைஞ்சிரும்.

ரெண்டு, இதை எல்லாரும் கவனிக்கணும். இந்த வண்டியில அரை சாஃப்ட் சக்கரத்தைச் சுத்துறதோட நிக்கல, சக்கரத்தைப் பக்கவாட்டுல பிடிச்சு வச்சிருக்கிறதும் அதுதான். கிராஸ் உடைஞ்சாலோ சாஃப்ட் முறிஞ்சாலோ அந்தச் சக்கரம் தன் இடத்துல நிக்காது. அதனால சத்தம் எங்கேன்னு தெரியிற வரைக்கும் நான்கு வழிச்சாலையில ஏத்தாதீங்க அண்ணா. தெருவுக்குள்ள மெதுவா ஓட்டிச் சோதிச்சா போதும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் சத்தம்னு நீங்க சொல்லல, அதனால பிளேட், லைனர் பக்கம் இப்ப போகல.

வண்ணார்பேட்டை_மார்க்3

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. மேலப்பாளையம் பக்கம் தெரிஞ்சவர் சர்வீஸ் ஸ்டேஷன்ல பிட்டு கிடைச்சுது. பாத்ததை வரிசையா சொல்லுதேன்.

கிராஸ் நாலும் இறுக்கமா இருக்கு, துருப்பொடி இல்ல. ஃபிளாஞ்ச் போல்ட் இறுக்கம். பட்டை ஸ்டட் இறுக்கம். ஹப்புல போட்ட கோடு ரெண்டு பக்கமும் விலகல. கியர்பாக்ஸ் மவுண்டிங் நல்லா இருக்கு.

கிளட்ச் சோதனையில கிரௌன் மூக்கு துள்ளுனதைப் பாத்து எனக்கே பயமாப் போச்சு. முன்னாடி இழுவையில எழும்பி, கிளட்ச் மிதிச்ச உடனே கீழ வந்து "டொக்". நான் வண்டிக்குள்ள உக்காந்து கேட்ட அதே சத்தம். முன்பக்க ரப்பர் ரெண்டும் எண்ணெய் குடிச்சு, ஊறுன உளுந்து மாதிரி உப்பி, விரல் வச்சா உதிருது. மூக்கைச் சுத்தி எல்லாம் ஆயில் ஈரம்.

நியூட்ரல்ல உருட்டியும் பாத்தேன். இடது பக்கம் "கடக்" அப்பவும் வருது. பிட்டுல நின்னுக்கிட்டு, மேல தம்பி வண்டியை பக்கவாட்டுல ஆட்ட ஆட்ட, இடது சக்கரத்துக்கு உள்ள ஹப் ஹவுசிங்கும் செங்குத்து லிங்க்கும் சேர்ற அடி போல்ட்ல கை வச்சேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரல்ல தட்டுது. வலது பக்கம் அப்படி இல்ல.

அம்பை_பட்டறை

நோய் ரெண்டும் தெரிஞ்சு போச்சு. அந்த அடி போல்ட் இடம்தான் பின் டிரன்னியன். அதுக்குள்ள நைலான் புஷ், நடுவுல எஃகுக் குழாய், ரெண்டு பக்கமும் தூசிக்கு வாசரும் ரப்பர் வளையமும் இருக்கும்.

இப்ப ரப்பரை மட்டும் மாத்திட்டு நிப்பாட்டிராதிய. எண்ணெய் ஏன் வந்துச்சுன்னு பாக்கணும். ரப்பருக்கு மேலேயே பினியன் சீல் (மூக்குல சுத்துற பினியன் சாஃப்ட்டைச் சுத்தி ஆயில் ஒழுகாம தடுக்குறது) இருக்குல்லா, அது வழியாத்தான் ஒழுகியிருக்கும். வெள்ளத்துல நின்ன வண்டி. சீல் உக்காருற இடத்துல துரு பிடிச்சிருந்தா, வண்டி ஓட ஆரம்பிச்ச உடனே அந்தத் துரு சீல் உதட்டை அறுத்திருக்கும். கிரௌனுக்கு மூச்சு விடுற ஓட்டை ஒண்ணு உண்டு. அது சேறு அடைச்சிருந்தா, சூட்டுல உள்ள காத்து விரிஞ்சு ஆயிலை சீல் வழியா வெளிய தள்ளும். அதைக் கம்பி விட்டு சுத்தம் பண்ணுங்க.

ஆயிலையும் எடுத்துப் பாருங்க. பால் கலந்த காப்பி நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். இந்த கிரௌன் நிறையத்துல அடியில டிரைன் பிளக் இருக்காது, ஊத்துற வாய் வழியா சிரிஞ்ச் போட்டு உறிஞ்சணும். மொத்தமே அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும், இ.பி. 90 ஆயில்.

வள்ளியூர்_மெக்

சீல் மாற்ற பினியன் நட்டைக் கழற்ற வேண்டுமே. பேரிங் இறுக்கம் மாறிவிடாதா?

அம்பை_பட்டறை

நல்ல கேள்வி தம்பி. நட்டு, பினியன் முனை, ஃபிளாஞ்ச் மூணுக்கும் சேத்து ஒரு குறி போட்டுக்கணும். கழட்டும்போது எத்தனை சுத்துன்னு எண்ணணும். மாட்டும்போது அதே சுத்து, அதே குறி. அதுக்கு மேல ஒரு நூல் இறுக்கப்படாது. சில கிரௌன்ல உள்ள நசுங்குற ஸ்பேசர் இருக்கும், கூட இறுக்குனா அது நசுங்கி பேரிங் பிடிச்சிரும்.

கிரௌன் உள்ள எப்படி இருக்குன்னு உங்க கேள்விக்கும் இப்ப வழி கிடைச்சிருக்கு. எப்படியும் இறக்கத்தான் போறாவ. பின் மூடியைத் திறந்து பல்லு, குறுக்கு பின், வாசர் எல்லாம் பாத்துரலாம். இறக்கும்போது பின்னாடி நீளப் போல்ட் போற ரெண்டு புஷ்ஷையும் பாருங்க. முன் ரப்பர் போன வண்டியில அதுவும் முட்டை வடிவத்துக்குத் தேஞ்சிருக்கும். கிரௌன் இறங்குற நேரத்துல ஸ்டாண்டு இல்லாம வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில போகப்படாது.

பேட்டை_லேத்

டிரன்னியன் வேலைக்கு என் பங்கு. அதுல எந்தச் சாமான் சுத்தணும், எது சுத்தக்கூடாதுன்னு தெரிஞ்சாத்தான் சரியா செய்ய முடியும். போல்ட்டை முறுக்கும்போது எஃகுக் குழாயும் வாசரும் இறுகி லிங்க்கோட ஒண்ணாயிடணும். நைலான் புஷ் மட்டும் அந்தக் குழாய் மேல சுத்தணும். அதனால குழாய் நீளம் புஷ் ரெண்டும் சேர்ந்த நீளத்தைவிட ஒரு மயிரிழை கூடவே இருக்கணும். குழாய் குட்டையா போச்சுன்னா போல்ட் நைலானை நசுக்கும், மூட்டு பிடிச்சுக்கும், அப்புறம் போல்ட்டே வளையும். கூடுதலா ஆயிடுச்சுன்னா மறுபடியும் ஆட்டம். வெள்ளத்துல குழாய் துரு ஏறி சொரசொரப்பாகி நைலானைத் தின்னிருக்கும், அதனால புஷ் மட்டும் மாத்தி பழைய குழாயைப் போடாதீங்க. பழைய அளவைக் கொண்டு வாங்க, எஃகுல குழாயும் நைலான் ராடுல புஷ்ஷும் கடைஞ்சு தாரேன். ஹெரால்டுக்கு செஞ்சு குடுத்திருக்கேன்.

கிரௌன் முன் மவுண்டிங்குக்கு யாராவது "ரப்பர் எதுக்கு, இரும்புலயே வாசர் போட்டு இறுக்கிரலாம்"னு சொன்னா கேக்காதீங்க. "டொக்" போயிடும், ஆனா கிரௌன் ஓசை முழுக்க சேசிஸ் வழியா காதுக்கு வரும், சேசிஸ் பிராக்கெட்டும் நாளைக்கு வெடிக்கும்.

தென்காசி_ஹெரால்டு

ஒரு வேளை கிரௌன் உள்ள போயிருந்தா என்கிட்ட ஹெரால்டு கிரௌன் ஒண்ணு சும்மா கிடக்கு. அண்ணாச்சிக்குத் தேவைப்பட்டா தாரேன். பல் கணக்கு மட்டும் பாத்துக்கணும். மார்க் 3 ஸ்பிட்ஃபயருக்கு 4.11, அதாவது 37க்கு 9. பழைய 948 சிசி ஹெரால்டுல 4.875 வரும், 39க்கு 8. உள்சாஃப்ட் ரெண்டையும் சேர்த்து ஒரு சுத்து சுத்தி, மூக்கு ஃபிளாஞ்ச் எத்தனை சுத்துதுன்னு எண்ணினா தெரிஞ்சிரும். நாலும் கொஞ்சமும்னா உங்க வண்டிக்கு ஆகும். அஞ்சை நெருங்குனா மாட்டிக்கலாம், ஆனா அறுபதுலயே என்ஜின் கத்தும்.

வண்ணார்பேட்டை_மார்க்3

தென்காசி அண்ணாச்சி, கேக்காமலே சாமான் தாரேன்னு சொன்னியளே, அது பெரிய மனசு. நல்லவேளையா தேவைப்படல.

வேலை முடிஞ்சுது. ஆயில் ஐயா சொன்ன நிறம்தான், தண்ணி கலந்திருந்துச்சு. மூச்சு ஓட்டை சேத்துல அடைபட்டுக் கிடந்துச்சு. பினியன் ஃபிளாஞ்ச்ல சீல் உக்காருற இடத்துல துரு வளையமா அரிச்சிருந்தது, லேத்துல லேசா பிடிச்சு மெருகேத்தி புது சீல் போட்டாச்சு. மூடியைத் திறந்து பாத்தா பல்லுல வெள்ளத்துத் தண்ணி நின்ன கறை மட்டும் இருக்கு, குழி இல்ல. குறுக்கு பின்னும் வாசரும் நல்லா இருக்கு. முன் ரப்பர் ரெண்டும், பின் புஷ் ரெண்டும் புதுசு. இடது டிரன்னியனைப் பிரிக்க போல்ட் குழாயோட துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. ரெண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தோம். பேட்டை அண்ணன் கடைஞ்ச குழாய், புஷ் அளவு கச்சிதம். வலது பக்கமும் சேத்து மாத்தியாச்சு, அதுவும் அதே தண்ணியில நின்னதுதானே.

ரேடியஸ் ஆர்ம் (பின்சக்கரம் முன்னும் பின்னும் நகராம பிடிக்கிற கம்பி) கழட்டும்போது முன் பிராக்கெட்டுல மெல்லிய தகடு செருகியிருந்துச்சு, எந்தப் பக்கம் எத்தனைன்னு எழுதி வச்சு அப்படியே திருப்பிப் போட்டேன்.

சீவலப்பேரி ரோட்டுல ஓட்டிப் பாத்தேன். கிளட்ச் விட்டா சத்தம் இல்ல. கால் எடுத்தாலும் இல்ல. வேகத்தடையில டயர் சத்தம் மட்டும்தான்.

கல்லிடை_இருசக்கரமும்_நான்கும்

ரொம்ப சந்தோஷம் அண்ணா. அந்தத் தகடு பின்சக்கரத்தோட டோ அளவுக்கு, அதாவது சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கிற அளவுக்கு, போட்டது. எழுதி வச்சது நல்லதாப் போச்சு.

ரேடியஸ் ஆர்ம், பட்டைக் கண்ணு, ஷாக் இதோட ரப்பர் புஷ் போல்ட் எல்லாம் கடைசி இறுக்கு வண்டி தரையில நிக்கும்போது குடுத்தீங்களா? தொங்குற நிலையில இறுக்கினா, தரையில இறங்கின உடனே ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சிரும்.

வண்ணார்பேட்டை_மார்க்3

ஆமாக்கா, பிட்டுல நிப்பாட்டி, டிரைவர் சீட்டுல ஒரு ஆளை உக்கார வச்சுத்தான் இறுக்கினோம்.

தென்காசி_ஹெரால்டு

இப்ப என் வண்டிக்கு வாரேன். ஹெரால்டு, வலது பக்கம் வேகத்தடையில மட்டும் சத்தம். நேத்து பிட்டுல நிப்பாட்டி டிரன்னியன்ல கை வச்சுப் பாத்தேன், அங்க தட்டல. ரேடியஸ் ஆர்ம் முன் முனையில தட்டுது. ஹெரால்டுல அது பாடியில இல்லாம சேசிஸ் கையிலதானே மாட்டுது, புஷ்ஷா இல்ல பிராக்கெட் வெடிப்பான்னு எப்படிப் பிரிச்சுப் பாக்க?

அம்பை_பட்டறை

கம்பி பிரஷ் போட்டு பிராக்கெட்டைச் சுத்தம் பண்ணி, மண்ணெண்ணெய் தடவித் துடைச்சு, சுண்ணாம்புக்கட்டியை அழுத்தித் தேய்ங்க. கொஞ்ச நேரத்துல வெடிப்பு இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு வெள்ளையில கோடா தெரியும். கோடு இல்லன்னா புஷ்தான். கோடு தெரிஞ்சா மேல வெல்டிங் வைக்காம வண்டியைக் கொண்டு வாங்க, சேசிஸ் கை உள்ளயே துரு தின்னிருக்கான்னு தட்டிப் பாத்துட்டு வேலை ஆரம்பிக்கலாம்.